வீட்டில் ஆளைத் தூக்கும் லிஃப்ட்: மோட்டாரா, பம்பா, நாற்காலியா?

கேள்வி: தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகி
9 செப்டம்பர் 2024

அக்கா, என் மாமியாருக்கு 71 வயது. ஜூனில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. எடை 80 கிலோ இருக்கும். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். நானும் எட்டாவது படிக்கிற பையனும்தான் தூக்குகிறோம். படுத்தே கிடப்பதால் முதுகுக்குக் கீழே சிவந்து வருகிறது. ஆளைத் தூக்கும் லிஃப்ட் என்று ஒன்று இருக்கிறதாமே, கரண்டில் ஓடுவது நல்லதா, கையால் பம்ப் அடிப்பது நல்லதா? 50,000 ரூபாய் வரை புரட்டலாம். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், வாங்கிவிடுகிறேன்.

10 செப்டம்பர் 2024, காலை

மோட்டார் வைத்ததையே வாங்குங்கள். நீங்கள் ஒரே ஆள். பட்டனை அமுக்கினால் ஏறும், இன்னொன்றை அமுக்கினால் இறங்கும். ஒரு கை அத்தையைப் பிடித்துக்கொள்ள மிச்சம் இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போட்டுவிட்டுத் தூக்குங்கள். பையனை இனித் தூக்க விடாதீர்கள், வளர்கிற முதுகு அது.

சிவந்த இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்ததும் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது, இன்றைக்கே நர்ஸிடம் காட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். லிஃப்ட் வரும்வரை இது காத்திருக்காது.

10 செப்டம்பர் 2024, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். பகல் முழுக்க அதே நினைப்பு. உங்கள் கட்டில் எப்படி, வாசல் எவ்வளவு அகலம் என்று ஒன்றும் கேட்காமல் மோட்டார் என்று சொன்னது தப்பு. எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒருவர் சொன்னதைக் கேட்டு வாங்கி, நான்கு மாதம் அந்த லிஃப்ட் கூடத்து மூலையில் நின்றது.

அப்பாவுக்கு 2022 மார்ச்சில் இடது பக்கம் விழுந்தது. மண்டபத்தில் விசைப்படகில் நாற்பது வருடம் உழைத்த உடம்பு, 74 கிலோ. முதல் மூன்று மாதம் எங்களுக்குப் பெரிதாகக் கஷ்டம் தெரியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் தம்பி வீட்டில் இருந்தான். அவன் அப்பாவைப் பிள்ளையை வாருகிற மாதிரி வாரித் தூக்கிவிடுவான். தடை முடிந்து படகு கிளம்பிய பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கம் விசைப்படகு தொழிலுக்குப் போவது திங்கள், புதன், சனி. போனால் மறுநாள் காலைதான் கரை. அந்த நாட்களில் அம்மாவும் நானும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். ஆகஸ்டில் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதே மாதம் அப்பாவின் இடது தோள் இறங்கிவிட்டது.

அந்தத் தோளை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. பக்கவாதத்தில் தளர்ந்த பக்கத்தில், மூட்டைப் பிடித்து வைக்கும் தசைக்கு வலு இருக்காது. அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலும், அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலும் மூட்டு நழுவும். இது எங்களுக்குத் தெரியாது. பாசத்தோடுதான் தூக்கினோம், பாசத்தோடுதான் அந்தத் தோளைக் கெடுத்தோம். நீங்கள் அத்தையின் வலது கையை இழுத்துத் தூக்குகிறீர்கள் என்றால், தயவுசெய்து நாளைக் காலையிலிருந்து நிறுத்துங்கள்.

அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நையோஷ் என்ற அரசு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நோயாளியைக் கையால் தூக்குகிறவர் ஏற்கிற சுமை 35 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, நம் கணக்கில் சுமார் 16 கிலோ. அதுவும் நிற்கிற இடம், பிடி எல்லாம் தோதாக இருந்தால்தான். 80 கிலோவை நீங்களும் பையனும் பங்கு போட்டால் ஆளுக்கு 40.

13 செப்டம்பர் 2024

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கட்டிலுக்கு அடியில். இந்த லிஃப்டுக்குக் கீழே இரண்டு நீளக் கால்கள் உண்டு, அவை கட்டிலுக்கு அடியில் நுழைந்தால்தான் ஆளுக்கு நேர் மேலே கொக்கி வரும். சக்கரத்தோடு சேர்த்து அந்தக் கால்களின் உயரம் பெரும்பாலான மாடல்களில் நாலரை, ஐந்து இஞ்ச். எங்களுடையது அடியில் பெட்டி வைத்த தேக்குக் கட்டில், அம்மா வீட்டுச் சீர். தரைக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு இஞ்ச்தான் சந்து. லிஃப்ட் மூலையில் நின்றதற்கு முதல் காரணம் இதுதான். பெட்டியைக் கழற்ற அம்மாவுக்கு மனசு வரவில்லை. கடைசியில் படகுத் தச்சர் ஒருவர் பூவரசங்கட்டையில் நான்கு அடிமணை செய்து, கட்டில்கால் உட்காருவதற்குக் குழியும் வெட்டிக் கொடுத்தார். குழி முக்கியம், இல்லாவிட்டால் கட்டில் நழுவி இறங்கும்.

அடுத்தது வாசல். கால்களை ஒடுக்கி வைத்தாலும் லிஃப்ட் இரண்டடிக்கு மேல் அகலம் வரும், கடையில் நிற்கிற மாடலையே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் ரெட்டைக்கதவில் ஒன்றைத் திறந்தால் ஒன்றேகால் அடிதான் கிடைக்கும். நிலைப்படி இருந்தால் முன்சக்கரம் ஏறாது. ஆளைத் தொங்கவிட்டுக்கொண்டு படியில் இடித்து ஏற்ற நினைக்கவே கூடாது, அப்படித்தான் கவிழும். குளியலறை கூடத்தைவிட எவ்வளவு தாழ்வு என்பதையும் பாருங்கள்.

கட்டிலின் ஒரு பக்கத்திலாவது லிஃப்ட் திரும்ப நாலு, ஐந்து அடி வேண்டும். நம் வீடுகளில் கட்டில் சுவரோடு ஒட்டி, எதிரே பீரோ நிற்கும். பீரோவை நகர்த்த முடியுமா என்று இப்போதே யோசியுங்கள்.

அத்தையைப் பற்றியும் மூன்று விஷயம் எழுதி அனுப்புங்கள். கட்டில் ஓரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார முடிகிறதா? இடது காலில் எடை தாங்குகிறாரா? சொல்வது புரிந்து செய்கிறாரா?

14 செப்டம்பர் 2024

எதற்குக் கேட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் என்று கடையில் ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்களைக் காட்டுவார்கள்.

தொங்கவிட்டுத் தூக்குவது முதல் வகை. ஆளுக்கு அடியில் ஒரு துணி, அதன் காதுகளைக் கம்பியில் மாட்டித் தூக்குவது. இதை ஹோயர் லிஃப்ட் என்பார்கள். டெட் ஹோயர் என்ற அமெரிக்கர் கார் விபத்தில் கைகால் செயலிழந்தவர். தன்னைப் போன்றவர்களுக்காக இதை உருவாக்கினார். ஒன்றுமே முடியாமல் படுத்திருக்கிறவரையும் இது தூக்கும், தரையில் விழுந்தவரையும் தூக்கும். மோட்டாரிலும் வரும், பம்பிலும் வரும்.

இரண்டாவது, எழுந்து நிற்க உதவுவது. முதுகுக்குப் பின்னால் பட்டை, முழங்காலுக்கு முன்னால் தாங்கல். ஒரு காலாவது எடை தாங்க வேண்டும், ஒரு கையாவது பிடிக்க வேண்டும், சொன்னது புரிய வேண்டும். இந்த மூன்றும் இல்லாதவரை இதில் ஏற்றினால் அக்குளில் தொங்குவார், தோள் போய்விடும்.

மூன்றாவது, மாற்று நாற்காலி. உட்காரும் பலகை நடுவில் பிளந்து இரண்டாகத் திறக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரை இரண்டு பக்கமும் அணைத்து உள்ளே தள்ளி மூடினால் ஆள் நாற்காலியில். கைப்பிடியைச் சுற்றினால் உயரும், தாழும். கமோடுக்கு மேலே நேராகத் தள்ளலாம். ஆனால் தரையிலிருந்து தூக்காது, உட்காரவே முடியாதவருக்கு ஆகாது.

17 செப்டம்பர் 2024

உங்கள் அளவுகள் வந்தன. கட்டிலுக்கு அடியில் 7 இஞ்ச், நல்லது. கூடத்துக் கதவு 33 இஞ்ச், நல்லது. குளியலறைக் கதவு 24 இஞ்ச். லிஃப்ட் நுழையாது. அத்தைக்கு உட்காரப் பிடிமானம் இன்னும் வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இப்போதைக்கு முதல் வகைதான், நாற்காலி அப்புறம். மோட்டாரா பம்பா என்பதை விட்டுவிட்டு முதலில் துணியைப் பற்றிப் பேசுவோம்.

அந்தத் துணிக்கு ஸ்லிங் என்று பெயர். அப்பா அதைத் தூளி என்றுதான் சொல்வார். முதல் நாள் தூக்கியபோது, "என்னைய என்ன திருக்கையா, தராசுல தொங்கவிடுறீக?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அடுத்த நிமிடம் அவர் இடுப்பு துணியின் நடுவில் கீழே கீழே இறங்கியது, தொடை இரண்டும் நெஞ்சோடு மடங்கியது. நாங்கள் பதறிப்போய் இறக்கினோம். லிஃப்டோடு ஓசியாக வந்த ஸ்லிங் அது, பெரிய அளவு. அப்பாவுக்கு நடு அளவு வேண்டும். பெரிது என்றால் ஆள் நழுவுவார், சிறிது என்றால் தொடையிலும் இடுக்கிலும் அறுக்கும். எடையை மட்டும் வைத்து அளவு சொல்லாதீர்கள். வால் எலும்பிலிருந்து உச்சந்தலை வரை அளந்து, தொடைச் சுற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கழுத்து நிற்காதவருக்குத் தலையையும் தாங்குகிற ஸ்லிங் வேண்டும்.

காதுகளில் இரண்டு மூன்று நிறம் இருக்கும். தோள் பக்கம் குட்டைக் காது, கால் பக்கம் நீளக் காது மாட்டினால் நிமிர்ந்து உட்கார்வார். மாற்றி மாட்டினால் சாய்ந்து படுப்பார். இடதும் வலதும் ஒரே நிறமாக இருக்கிறதா என்று தூக்குவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கால் பட்டைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்து, நடுவில் ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து மாட்டுவது நல்லது. ஆள் நழுவ மாட்டார், தொடை அகலாமல் மானமாகவும் இருக்கும். உங்கள் அத்தைக்கு அது பெரிய விஷயமாக இருக்கும். தூக்கும்போது மேலே ஒரு துண்டைப் போடுங்கள்.

குளிக்க வலை மாதிரித் துணியில் ஒன்று வரும், தண்ணீர் வடிந்துவிடும். ஒன்று துவைப்பில் இருந்தால் மாற்ற இன்னொன்று வேண்டும். ஆக 50,000 என்றால் லிஃப்டுக்கே முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு ஸ்லிங்குக்கு ஒதுக்கி வையுங்கள்.

18 செப்டம்பர் 2024

தூக்கி உட்கார வைத்த பிறகு ஸ்லிங்கை அடியில் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகில் சிவப்பு இருக்கிறவருக்கு வேண்டாம். மடிப்பும் தையலும் அங்கேயே அழுத்தும். எடுத்துவிடுங்கள்.

5 அக்டோபர் 2024

முதல் குறிப்பில் ஒரு பெரிய தப்பு எழுதியிருக்கிறேன், திருத்த வேண்டும். "நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போட்டுவிட்டுத் தூக்குங்கள்" என்றேனே, அது தொங்கவிட்டுத் தூக்கும் லிஃப்டுக்குப் பொருந்தாது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் பக்கம் வீடு வீடாக வருகிற பிசியோ தங்கச்சி நேற்று வந்திருந்தது. நான் எழுதியதைக் காட்டினேன். படித்துவிட்டு, "அக்கா, கட்டிலுக்குப் பிரேக், வீல்சேருக்குப் பிரேக், லிஃப்டுக்கு மட்டும் போடக் கூடாது" என்றது. எடை ஏறும்போது லிஃப்ட் தானாகக் கொஞ்சம் நகர்ந்து, ஆளுக்கு நேர் மேலே வந்து நிற்கும். பிரேக் போட்டால் நகர வழியில்லாமல் ஒரு பக்கம் இழுக்கும், கவிழவும் கூடும். நான் இரண்டு வருடமாகப் பிரேக் போட்டுத்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். கொக்கி எப்போதும் கோணலாக நிற்பதை லிஃப்டின் கோளாறு என்றே நினைத்திருந்தேன். இன்று காலை பிரேக் இல்லாமல் தூக்கினேன், அது தானாக ஒரு சாண் நகர்ந்து நேரானது. ஆனாலும் உங்கள் லிஃப்டோடு வருகிற கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு, அதைப் படியுங்கள்.

கால்களை அகல விரித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். கதவு மாதிரிக் குறுகின இடத்தைத் தாண்டும்போது மட்டும் ஒடுக்கி, உடனே திரும்ப விரியுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலி வரைக்கும்தான் இந்த லிஃப்ட். கூடம் தாண்டி வாசல் வரை ஆளைத் தொங்கவிட்டு ஓட்டிப் போகக் கூடாது.

இன்னொன்றும் அந்தத் தங்கச்சி சொன்னது. மாதக்கணக்கில் படுத்திருந்தவரைச் சட்டென்று உட்கார வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். தலைப்பக்கத்தை முதலில் கொஞ்சம் உயர்த்திப் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் தூக்குங்கள். யூரின் டியூப் இருந்தால் பையைக் கம்பியில் மாட்டாதீர்கள், அடிவயிற்றுக்குக் கீழேயே இருக்கட்டும். தூக்கும்போது டியூப் எங்கே இழுபடுகிறது என்று ஒரு கண் வையுங்கள்.

11 அக்டோபர் 2024

இன்னொரு வாசகர் தம்பி கேட்கிறார்: லிஃப்டே எதற்கு, மேல்தளத்தில் கொக்கி அடித்து, படகு இன்ஜின் தூக்குகிற செயின் பிளாக்கை மாட்டினால் போதாதா என்று.

என் தம்பியும் இதைத்தான் சொன்னான். யார்டில் செயின் பிளாக் சும்மா கிடந்தது, ஒரு டன் தூக்கும். கொண்டுவந்தும் விட்டான். கொக்கிக்குத் துளை போட மேலே தட்டிப் பார்த்தபோது காரை உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்திருந்தது. வெளியே சுண்ணாம்பு அடித்து அழகாக இருந்த தளம். கடலோர வீடுகளில் இது அநேகமாக எல்லாருக்கும் தெரிந்த கதை. உப்புக்காற்றும், உப்புக் கலந்த மணலும், உப்புத் தண்ணீரில் குழைத்த சிமெண்டும் சேர்ந்து கம்பியைத் தின்றுவிடும். செயின் பிளாக் ஒரு டன் தாங்கும், தளம் தாங்குமா? தளத்தில் ஓடுகிற லிஃப்ட் என்று முறையாகவே ஒரு வகை இருக்கிறது, தரையில் இடமே அடைக்காது, நல்ல சாமான். ஆனால் இன்ஜினியர் வந்து தளத்தைச் சோதித்துச் சொன்ன பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஓட்டு வீட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்கும் பேச்சே இல்லை. தவிர, செயின் பிளாக் சாமான் தூக்கச் செய்தது. ஆளைத் தூக்கும் லிஃப்டுக்கு ஐஎஸ்ஓ 10535 என்று தனித் தரம் உண்டு. கடையில் அந்த எண்ணைச் சொல்லிச் சான்று கேளுங்கள்.

தம்பி, உங்கள் மனசு புரிகிறது, செலவைப் பார்க்கிறீர்கள். ஆனால் வேண்டாம்.

24 நவம்பர் 2024

நான்கு நாளாக எழுத முடியவில்லை. 20-ஆம் தேதி கொட்டிய மழை தெரிந்திருக்கும். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, தம்பி படகைப் பார்க்கப் போய்விட்டான். வீட்டுக்குள் தண்ணீர் ஏறப் பார்த்தது. அப்பாவைக் கட்டிலிலிருந்து எடுத்து மேடான திண்ணை அறைக்கு மாற்ற வேண்டும்.

அன்றைக்கு மோட்டார் லிஃப்ட் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். பேட்டரி சார்ஜ் இருந்தால் கரண்ட் இல்லாமலும் ஓடும், ஒன்றிரண்டு நாளைக்குத் தாராளம். எங்கள் முதல் லிஃப்ட் பெருநகரத்துக் கடை ஒன்றில் வாங்கிய பழைய சாமான். அதன் பேட்டரி வரும்போதே பாதி செத்திருந்தது. ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் இறங்கின நிலையில் மாதக்கணக்கில் விட்டால் அது திரும்ப எழாது. கடைக்காரர் போனையே எடுக்கவில்லை. ஒருநாள் அப்பா பாதி உயரத்தில் தொங்கும்போது மோட்டார் நின்றுவிட்டது. கரண்ட் இல்லாமல் இறக்க ஒரு சிவப்பு வளையம் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை. தலையணைகளை அடுக்கி, பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு இறக்கினோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு ஒரு மாதம் தூளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதனால் மோட்டார் வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். கடையிலேயே யாரையாவது உட்கார வைத்துத் தூக்கி, பேட்டரியைக் கழற்றச் சொல்லி, எப்படி இறக்குவது என்று உங்கள் கையால் செய்து பாருங்கள். செய்து காட்டாத கடையில் வாங்காதீர்கள்.

இந்த மழையில் எங்களுக்குக் கைகொடுத்தது 2023-இல் வாங்கிய பம்ப் லிஃப்ட். அம்மா அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டார், நான் பம்ப் அடித்தேன். இறக்கும்போது வால்வை மெல்லத் திருக வேண்டும், அவசரப்பட்டால் தடாலென்று இறங்கும். திண்ணை அறை நிலைப்படியைத் தாண்ட வீல்சேருக்கு மாற்றி, பலகை போட்டு ஏற்றினோம்.

25 நவம்பர் 2024

நேற்று எழுதியதைப் படித்தால் பம்ப்தான் உயர்வு என்கிற மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. பம்ப் அடிக்கிற கை ஆளைப் பிடிக்க முடியாது, அதனால் இரண்டு பேர் வேண்டும். மழை நாளில் அம்மா இருந்தார். நீங்களோ பகலில் தனியாக இருக்கிறீர்கள், பையன் பள்ளிக்கூடம் போய்விடுவான். அந்த ஒரு காரணத்துக்காக மோட்டார் உங்களுக்குப் பொருந்தும் என்று முதல் நாள் நான் சொன்னது சரிதான். வாரண்டியோடு புதியதாக, பேட்டரி நம் ஊரிலேயே கிடைக்கிறதாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தினம் இரண்டு வேளை வந்துபோவார் என்றால் பம்ப் போதும், மிச்சமாகிற பணத்துக்கு நாற்காலி வரும்.

இரண்டுக்கும் உப்புக்காற்று பொது. நம் பக்கம் இரும்புக் கம்பி வருடத்தில் பொரிந்துவிடும். பெயிண்ட் உதிர்ந்த இடத்தையும், சக்கரத்தின் அச்சையும், கொக்கி மாட்டுகிற போல்ட்டையும் மாதம் ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். வாரம் ஒருநாள் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். சக்கரத்தில் மணலும் தலைமுடியும் சுற்றிக்கொள்ளும், முள்வாங்கியால் எடுக்கலாம். மோட்டாரின் மேல் தண்ணீர் படக் கூடாது.

12 ஜனவரி 2025

ராமநாதபுரத்தில் ஒரு சிறிய முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு கட்டில், பகலில் மூன்று பணியாளர்கள். லிஃப்ட் வாங்க என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். வீட்டுக்குச் சொன்ன யோசனை அங்கே அப்படியே செல்லாது.

அங்கே மோட்டார்தான் வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை பம்ப் அடித்தால் பணியாளரின் தோள் என்னத்துக்கு ஆகும்? மாற்றுப் பேட்டரி ஒன்று எப்போதும் சார்ஜில் நிற்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே ஸ்லிங் என்றார்கள், வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவருக்குச் சிரங்கு இருந்தால் பன்னிரண்டு பேருக்கும் வரும். ஆளுக்கொரு ஸ்லிங், அதில் பெயரும் காதுகளின் நிறமும் எழுதிய துண்டு. அந்தத் துண்டு இருந்தால் இரவுப் பணிக்குப் புதிதாக வருகிற பெண்ணும் தடுமாறாமல் தூக்கலாம். இங்கிலாந்தில் ஆளைத் தூக்கும் கருவிகளை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தேர்ந்தவர் சோதிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாமும் ஒரு நோட்டுப் போட்டு, தேதி எழுதி அப்படிச் செய்யலாமே. அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

2 பிப்ரவரி 2025

தேவிபட்டினம் தங்கச்சிக்கு: மதுரையில் மோட்டார் லிஃப்டை மாத வாடகைக்கு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் செய்தது ரொம்பச் சரி. அத்தை அதில் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு வாங்குவதில் நஷ்டமே இல்லை. இதை நான் முதல் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

முதுகுச் சிவப்பு மாறிவிட்டது என்று படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

9 ஏப்ரல் 2025

6-ஆம் தேதி புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். அப்பாவுக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு நாள் கூட்டம் அடங்கட்டும் என்று இருந்துவிட்டு, நேற்று கூட்டிப்போனோம்.

காரில் ஏற்றுவதுதான் பெரிய பாடு. லிஃப்டின் கால் காருக்கு அடியில் எல்லா வண்டியிலும் நுழையாது. எங்களுக்கு வழி காட்டியது வழுக்குப் பலகை. வழவழவென்று இழைத்த இரண்டரை அடிப் பலகை, ஒரு நுனி வீல்சேரில், மறு நுனி கார் சீட்டில். வீல்சேரின் கைத்தாங்கலைக் கழற்றிவிட்டுப் பலகை மேல் பிட்டத்தை மெல்ல மெல்ல நகர்த்தினால் ஆள் உள்ளே. கொஞ்சமாவது உட்காரத் தெரிந்தவருக்குத்தான் இது. இரண்டு உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா இப்போது நல்ல கையால் பலகையைப் பிடித்துத் தானும் தள்ளுகிறார். அந்தத் தள்ளல் ஒரு விரற்கடைதான் இருக்கும், ஆனால் நான்கு வருடத்துக்கு முன் படகில் கயிறு இழுத்த அதே முகம்.

சாலைப் பாலத்து ஓரம் நிறுத்திப் பார்த்தோம். கப்பல் போக அந்த நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், அப்படியே நேராக மேலே எழும். அப்பா 1914-ஆம் வருடத்துப் பழைய பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "அதை ஆள் நின்னு சுத்துவாக ஆத்தா, எத்தனை தடவ படகுல இருந்து பாத்திருக்கேன். இது மோட்டாரு. கரண்டு போனா என்ன செய்வாக?" என்றார். நவம்பர் மழையும் நடுவழியில் நின்ற அந்த லிஃப்டும் அவர் மனசில் இருந்திருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

இரவு வீட்டில் மாற்று நாற்காலியில் குளியலறைக்குக் கொண்டுபோனேன். குளியலறைத் தாழ்வுக்கு வெல்டரிடம் தகட்டில் ஒரு சரிவு செய்து வைத்திருக்கிறோம். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நான் கீழ்ப்பக்கம் நின்று பின்பக்கமாக இறக்குவேன். முன்பக்கமாக இறக்கினால் அப்பா சரிந்துவிடுவார்.

21 ஜூன் 2025

தேவிபட்டினம் அத்தை கட்டில் ஓரத்தில் பிடிக்காமல் உட்காருகிறார் என்று செய்தி. அப்படியானால் நீங்கள் கேட்ட மாதிரி, வாடகை லிஃப்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாற்று நாற்காலிக்குப் போகலாம். உங்கள் குளியலறைக் கதவு 24 இஞ்ச். நாற்காலி 22 இஞ்சுக்குள் இருக்க வேண்டும், கைப்பிடி நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். பலகையின் பூட்டு இரண்டும் டக்கென்று விழுகிறதா என்று பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள். ஆள் விழுவது அந்தப் பூட்டு சரியாக விழாமல்தான்.

தரையில் விழுந்தால் நாற்காலி உதவாது என்பதை மறக்காதீர்கள். அப்படி விழுந்தால் தனியாகத் தூக்க முயலாமல், தலையணை வைத்துப் போர்த்தி, அடி பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஆள் வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள். இடுப்பு வலி, கால் கோணல் தெரிந்தால் அசைக்காமல் 108-க்கு அடியுங்கள்.

எங்களிடம் நடு அளவு ஸ்லிங் ஒன்று சும்மா இருக்கிறது. திரும்ப லிஃப்ட் எடுக்க வேண்டி வந்தால் ஆகும், அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தம்பி அந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிடச் சொல்கிறேன்.

22 ஜூன் 2025

ஸ்லிங் தருகிறேன் என்றேனே, அதை விட்டுவிடுங்கள். காலையில் எடுத்து வெயிலில் விரித்துப் பார்த்தேன். கால் பக்கக் காதின் அடித்தையல் மூன்று இடத்தில் பிரிந்திருக்கிறது. எடை எழுதிய சீட்டும் வெளுத்துப்போய்ப் படிக்க முடியவில்லை. ஒரு வருடம் மொட்டைமாடிக் கொடியில் நேர் வெயிலில் காயப்போட்டதன் பலன் அது, நிழலில் காயப்போட்டிருக்க வேண்டும், பிளீச்சிங் போட்டிருக்கவும் கூடாது. யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று நான்கு காதையும் வெட்டிப் போட்டுவிட்டேன். திரும்ப லிஃப்ட் எடுத்தால் ஸ்லிங்கைப் புதிதாகவே வாங்குங்கள். அத்தையின் வால் எலும்பிலிருந்து உச்சந்தலை வரைக்கும் அளவு செப்டம்பரில் எடுத்ததுதான் உங்களிடம் இருக்கும். இப்போது உட்காருகிறார், மெலிந்தும் இருப்பார். இன்னொரு தடவை அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.